தாங்குமா? – வீட்டு மேல்தளமும் தண்ணீரின் எடையும்

‘தாங்கும்’ என்பது நம் வீடுகளில் மிக எளிதாகப் புழங்கும் சொல். மாடி அறையில் இன்னோர் இரும்பு அலமாரி வைக்கலாமா என்று கேட்டால், தாங்கும். கார் நிறுத்துமிடக் கூரையின்மேல் தண்ணீர்த் தொட்டி ஏற்றலாமா என்றால், அதுவும் தாங்கும். இதையே மலாயில் கேட்டால் ‘போலே தாஹான்’ என்று பதில் வரும். எவ்வளவு எடையை, எவ்வளவு காலத்துக்கு, எதன்மேல் நின்றுகொண்டு தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை. சிவில் பொறியியல் மாணவன் என்ற முறையில் இம்மூன்று கேள்விகளையும் இக்கட்டுரையில் எழுப்பிப் பார்க்க விரும்புகிறேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் உள்ள உறவு தனியானது. 1998ஆம் ஆண்டு வறட்சியின்போது வாளியும் அண்டாவுமாகத் தண்ணீர் லோரிக்குக் காத்திருந்த கதையைப் பெற்றோர் இன்றும் சொல்வர். 2014இல் மீண்டும் நீர்ப்பங்கீடு வந்தது. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கலந்த மாசினால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, ஏறத்தாழ 12 லட்சம் கணக்குதாரர்களின் குழாய்கள் வறண்டன. ஒவ்வொரு முறையும் பல வீடுகளில் புதிய தொட்டி ஒன்று மேலே ஏறியது. வசதி கூடியபின் மாடி முகப்பில் மீன்குளம் வந்தது. அண்மைய ஆண்டுகளில், முதுகுவலிக்கும் முட்டிவலிக்கும் இதமென்று சுடுநீர்த் தொட்டியும் (ஜக்குஸி என்றால் எல்லாருக்கும் புரியும்) வரத் தொடங்கியிருக்கிறது. மூன்றும் பார்வைக்கு வேறு வேறு பொருள்கள். கட்டடத்தைக் கேட்டால் மூன்றும் ஒன்றுதான், தண்ணீர்.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. தொடக்கப்பள்ளியிலேயே படித்த பாடம் இது. ஆனாலும் குழாயைத் திறந்துவிட்டு நிரப்பும்போது நம் நினைவுக்கு வருவதில்லை. ஒரு பியானோவை மாடிக்கு ஏற்ற ஆறு பேர் வேண்டும். ஆறு பேரும் மூச்சு வாங்கும்போதே ‘இது கனமான பொருள்’ என்று வீட்டுக்காரருக்கு உறைத்துவிடும். தண்ணீரை யாரும் தூக்குவதில்லை. அது குழாய் வழியே சத்தமில்லாமல் தானே ஏறிவிடுகிறது. அதனால்தான் அதன் எடையை யாரும் உணர்வதில்லை.

இரண்டு வகைச் சுமைகள்

கட்டடவியலில் சுமையை இரண்டாகப் பிரிப்பர். இடைநிலைப்பள்ளியிலும் அதற்குப் பின்னரும் மலாயில் படித்த நண்பர்கள் இவற்றை ‘பெபான் மாத்தி’, ‘பெபான் ஹிடுப்’ என்று அறிவர். நேராகத் தமிழாக்கினால் செத்த சுமை, உயிருள்ள சுமை. நிலைச்சுமை, மாறுசுமை என்று சொன்னால் பொருள் இன்னும் தெளிவாகும். தளம், விட்டம், சுவர், ஓடு ஆகியவற்றின் சொந்த எடை நிலைச்சுமை. மனிதர்கள், நாற்காலி, கட்டில், தீபாவளிக்கு வந்த விருந்தினர் ஆகியோர் மாறுசுமை. இவர்கள் வருவர், போவர்.

இவ்விரண்டில் ஒன்றைக் கணக்கில் விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே ஒரு சான்று உண்டு. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை அறியாத தமிழர் இல்லை. அச்சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில், 1971இல் கட்டப்பட்ட ‘லியன் யாக்’ கட்டடம் இருந்தது. ஆறு மாடிகள், ‘ஹோட்டல் நியூ வோர்ல்ட்’ என்ற பெயரால்தான் பலருக்கும் தெரியும். 1986 மார்ச் 15ஆம் நாள் அது ஒரு நிமிடத்துக்குள் சரிந்து மண்மேடானது. 33 பேர் மாண்டனர். 17 பேர் இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டனர். பின்னாளில் ஏற்றப்பட்ட வங்கிப் பெட்டகமும் குளிரூட்டும் சாதனங்களும்தான் காரணமோ என்று முதலில் ஐயுற்றனர். விசாரணையில் வெளிவந்தது அதைவிடக் கொடியது. மாறுசுமையைக் கணக்கிட்டவர், கட்டடத்தின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. தன்னையே தாங்க முடியாத கட்டடம் பதினைந்து ஆண்டுகள் நின்றிருக்கிறது. ‘இத்தனை வருஷமா நிக்குதே, இனிமேலா விழப்போகுது?’ என்பவர்களுக்கு இதுவே என் பதில். இதன்பின் சிங்கப்பூர் 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றி, ஒரு பொறியாளரின் கணக்கை இன்னொருவர் தனியே சரிபார்க்க வேண்டும் என்று விதித்தது.

இப்போது தண்ணீர் எந்த வகை என்று பார்ப்போம். நிரப்பலாம், இறைக்கலாம் என்பதால் ஏட்டில் அது மாறுசுமைப் பக்கம் எழுதப்படலாம். குணத்திலோ அது நிலைச்சுமை. விருந்தினர் இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பிவிடுவர். தண்ணீர் வீடு திரும்புவதில்லை. இரவும் பகலும், மாதக்கணக்கில், ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும்.

நம் நாட்டில் குடியிருப்பு வீட்டின் தளத்துக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும் மாறுசுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. ஒரு சதுர மீட்டரில் இரண்டு பேர் நெருங்கி நிற்பதற்குச் சமம். இதைத் தண்ணீராக மாற்றினால் 15 சென்டிமீட்டர் ஆழம். ஒரு சாண்கூட இல்லை! முக்கால் சாண் தண்ணீர் தேங்கினாலே, அந்தத் தளத்துக்கென ஒதுக்கிய மாறுசுமை முழுவதும் தீர்ந்துவிடுகிறது. பாதுகாப்புக்காகச் சேர்க்கும் கூடுதல் வலிமை இருக்கிறதே என்று சிலர் வாதிடலாம். அது தரக்குறைவான மரத்துக்கும், சரியாக இறுகாத கான்கிரீட்டுக்கும், எதிர்பாராத நாளுக்கும் வைத்த சேமிப்பு. தொட்டி வைப்பதற்காக அதை எடுத்துச் செலவழிக்கக் கூடாது.

சாலாக் செலாத்தானில் ஒரு மரத்தளம்

இனி ஓர் உண்மையான வீட்டை எடுத்துக்கொள்வோம். என் சித்தப்பா வீடு சாலாக் செலாத்தானில் உள்ள பழைய இரட்டை மாடி தெரஸ் வீடு. பின்புறம், மாடி அறைக் கதவைத் திறந்தால் ஒரு மரத்தளம். அகலம் 3.6 மீட்டர்; சுவரிலிருந்து வெளிவிளிம்பு வரை 3 மீட்டர். அதன் கீழேதான் துணி துவைக்கும் இடம். பாட்டி மாலையில் நாற்காலி போட்டு அமர்வதும் அங்கேதான். சித்திக்கு முட்டிவலி. வெந்நீரில் கால் நீட்டி உட்கார்ந்தால் நல்லது என்று சொல்லக்கேட்டு, நான்கு பேர் அமரும் சுடுநீர்த் தொட்டி ஒன்றை வாங்கி அந்தத் தளத்தில் வைக்கச் சித்தப்பா முடிவு செய்தார். தளத்தைக் கட்டிய குத்தகையாளரைக் கேட்டபோது, “யானையே ஏறினாலும் தாங்கும், அண்ணே” என்றாராம். (ஆசிய யானை இரண்டு மூன்று டன்னுக்குக் குறையாது. தவிர, அதற்குப் பசித்தால் இறங்கிவிடும்.)

நானும் சித்தப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுநாடாவோடு உட்கார்ந்தோம். தொட்டி இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். காலித் தொட்டி 250 கிலோ, தண்ணீர் 1,200 லிட்டர், தலைக்கு 70 கிலோ என்று நான்கு பேர் 280 கிலோ. கூட்டினால் 1,730 கிலோ. ஒரு மைவி கார் ஏறத்தாழ ஒரு டன் என்பதால், இது ஒன்றே முக்கால் மைவி. இந்த எடை நான்கு சதுர மீட்டரில் பரவும்போது, சதுர மீட்டருக்கு 430 கிலோவுக்கு மேல் வருகிறது. 150 கிலோவுக்கு ஒதுக்கிய இடத்தில் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. “அப்போ ரெண்டு பேர் மட்டும் உட்கார்ந்தா?” என்று சித்தப்பா கேட்டார். 140 கிலோ குறையும், அவ்வளவுதான். மனிதர்கள் இதில் சிறு பங்கு, தண்ணீர்தான் முக்கால்வாசி.

எடையைக் கண்டபின் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, அது எந்த வழியாக மண்ணை அடைகிறது என்பது. பலகை குறுக்குக் கட்டைக்குக் கொடுக்கிறது. குறுக்குக் கட்டை ஒரு முனையில் வீட்டுச் சுவருக்கும், மறுமுனையில் வெளிவிளிம்பு விட்டத்துக்கும் கொடுக்கிறது. விட்டம் இரண்டு தூண்களுக்கு, தூண் அதன் கீழுள்ள சிமிந்திப் பாதத்துக்கு, பாதம் மண்ணுக்கு. கைமாறிக் கைமாறிப் போகும் இந்த வரிசையில் ஒரே ஒரு கை தளர்ந்தாலும் மற்றவை வலுவாக இருந்து பயனில்லை.

குறுக்குக் கட்டைகளிலிருந்து தொடங்குகிறேன். அவை இரண்டு அங்குலத்துக்கு ஆறு அங்குல மெராந்தி. இரண்டடிக்கு ஒன்றாக நிறுத்தப்பட்டவை. கலைத்துறை நண்பர்கள் ஓர் அடிக்கோலை எடுத்து இரு புத்தகங்களுக்கு இடையே படுக்கவைத்து அழுத்திப் பாருங்கள், வளையும். அதையே நிமிர்த்தி நிறுத்தி அழுத்துங்கள், அசையாது. இரண்டுக்கு ஆறு கட்டையைப் படுக்கவைப்பதைவிட நிமிர்த்தி வைத்தால் விறைப்பு ஒன்பது மடங்கு. அதே கட்டையின் நீளத்தை இரட்டித்தால், மீட்டருக்கு ஒரே சுமைதான் என்றாலும் தொய்வு பதினாறு மடங்காகும். சித்தப்பா வீட்டில் கட்டைகள் நிமிர்ந்தே நின்றன, அது நல்லது. ஆனால் தொட்டியை நடுவில் வைத்துக் கணக்கிட்டபோது, சாதாரண வீட்டுச் சுமையில் கட்டைக்குள் எழும் தகைவைப்போல் இருமடங்குக்கும் மேல் வந்தது.

இதோடு மரத்துக்கே உரிய ஒரு குணத்தையும் சேர்க்க வேண்டும். மரம் களைத்துப்போகும். சில நிமிடச் சோதனையில் ஒரு கட்டை தாங்கும் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத்தான் பத்தாண்டு தொடர்ந்து சுமக்க முடியும் என்பதை, அமெரிக்காவின் மாடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வுக்கூடம் 1950களின் தொடக்கத்திலேயே சோதித்துக் காட்டியது. தொய்வும் அப்படித்தான், முதல் நாளில் சிறிதாக இருப்பது ஆண்டுகள் செல்லச் செல்லப் பெரிதாகும். ஈரமான மரத்தில் இது இன்னும் மோசம். சுடுநீர்த் தொட்டியைச் சுற்றி மரம் எப்போது காய்ந்திருக்கும்? ஆகவே, பத்துப் பேரை ஏற்றிக் குதிக்கவைத்து ‘பார், தாங்குது’ என்று காட்டும் சோதனைக்கு இங்கே மதிப்பே இல்லை.

அடுத்தது சுவர். தளத்தின் பாதி எடை சுவரில் பதித்த நீளக் கட்டை ஒன்றின்மேல் இறங்குகிறது. மரத்தளங்கள் விழுவதற்கு இந்த இணைப்புப் பெயர்ந்து வருவது முக்கியமான காரணங்களுள் ஒன்று. நம் தெரஸ் வீடுகளின் எலும்புக்கூடு கான்கிரீட் தூணும் விட்டமும்தான். இடையிலுள்ள செங்கல் பெரும்பாலும் மறைப்புச் சுவர். போல்ட்டு கான்கிரீட் விட்டத்துக்குள் போயிருந்தால் நம்பலாம். நாலரை அங்குலச் செங்கல்லுக்குள் போயிருந்தால் இவ்வளவு பெரிய சுமைக்கு நம்பக் கூடாது. பூச்சுக்கு மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சித்தப்பா வீட்டில் பூச்சைச் சிறிது தட்டிப் பார்த்தோம். ஏழு போல்ட்டுகளில் மூன்று செங்கல்லில் இருந்தன. இரண்டின் தலையில் துரு.

கடைசியாக மண். சாலாக் செலாத்தான் முதல் சுங்கை பீசி வரை, கோலாலம்பூரின் தென்பகுதி ஈயச் சுரங்கங்களால் வளர்ந்தது என்பதை வரலாற்று மாணவர்கள் அறிவர். இன்று ‘மைன்ஸ்’ ஏரியாகக் காட்சியளிப்பது, ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கமாக விளங்கிய பள்ளம்தான். சுரங்கம் மூடிய நிலத்தில் ஓரிடத்தில் மணலும், பத்தடி தள்ளிக் கூழ்போன்ற சேற்றுக் களிமண்ணும் இருக்கக்கூடும். வீட்டின் முதன்மைத் தூண்களுக்கு மேம்பாட்டாளர் அடித்தளம் போட்டிருப்பார். பின்னால் ஒட்டிய மரத்தளத்தின் தூண்களுக்கு யார் போட்டார்?

இங்கே தூணின் பாதம் ஓரடிக்கு ஓரடி. தொட்டி நடுவிலிருந்தால், தளத்தின் சொந்த எடையும் சேர்த்து ஒவ்வொரு தூணுக்கும் ஏறத்தாழ 565 கிலோ வரும். அதை அந்தச் சிறிய பாதத்தால் வகுத்தால் மண்ணின்மேல் அழுத்தம் சதுர மீட்டருக்கு 60 கிலோநியூட்டனுக்கு மேல். மென்களிமண்ணுக்குப் பொறியாளர்கள் அனுமதிக்கும் அளவே 75க்குக் குறைவுதான். சுரங்கச் சேறு அதனினும் வலுக்குறைந்தது. தொட்டியை வெளிவிளிம்புக்கு நகர்த்தினாலோ, ஒரு மூலைக்குத் தள்ளினாலோ, ஒரு தூணின் பங்கு இன்னும் ஏறும். ஒரு தூண் மட்டும் அமிழ்ந்தால் தளம் சாயும். தளம் சாய்ந்தால் தண்ணீர் தாழ்ந்த பக்கம் சேரும். அந்தப் பக்கம் மேலும் அமிழும். பாதத்தை ஈரடிக்கு ஈரடியாக்கினால் அழுத்தம் நான்கில் ஒன்றாகிவிடும் என்பது இதில் ஓர் ஆறுதல்.

அழுகிய கட்டை

மரத்தளத்தைப் பற்றிப் பேசும்போது, மாணவர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய நிகழ்வு ஒன்று உண்டு. 2015 ஜூன் 16ஆம் நாள், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், நம் வயதையொத்த இளைஞர்கள் ஒரு பிறந்தநாள் விழாவுக்காகக் கூடிய அடுக்ககத்தில், ஐந்தாம் மாடி முகப்புத் தளம் முறிந்து விழுந்தது. அறுவர் உயிரிழந்தனர், எழுவர் படுகாயமடைந்தனர். பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து விடுமுறைக்கால வேலைக்கு வந்த மாணவர்கள். தளத்தில் நின்றவர்கள் பதின்மூன்று பேர்தான். அவர்களின் எடை பெரிதன்று. தளத்தைத் தாங்கிய கட்டைகள் உள்ளே நீர் புகுந்து அழுகிப்போயிருந்தன. வெளியே பூச்சு அழகாக இருந்தது. 2018இல் கலிபோர்னியா இத்தகைய தளங்களைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சட்டம் கொண்டுவந்தது.

பெர்க்லியைவிட நம் ஊர் ஈரமானது, நமக்குக் கரையானும் உண்டு. செங்கால் மரம் இயல்பிலேயே அழுகலையும் கரையானையும் எதிர்த்து நிற்கும். மெராந்தி மலிவு, வெயில், மழை, ஈரம் மூன்றையும் வெளியில் நின்று தாங்கும் சாதியன்று. பதப்படுத்தாத மெராந்தியின்மேல் பளபளப்பான எண்ணெய் பூசிச் ‘செங்கால்’ என்று விற்பவரும் உளர். ஒரு திருப்புளியை எடுத்துக் கட்டையின் முனையிலும், சுவரைத் தொடும் இடத்திலும், தூணின் அடியிலும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் நுனியை உள்ளே விடாது. ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கினால், அங்கே தொட்டியைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட வேண்டும்.

என்ன செய்யலாம்?

மிகச் சிறந்த வழி மிகவும் சாதாரணமானது. தொட்டியைத் தரையில் வையுங்கள். மண்ணை இறுக்கி, உடைகல் பரப்பி, கம்பிவலையோடு நான்கங்குலக் கான்கிரீட் போட்டால், 1,730 கிலோ நான்கு சதுர மீட்டரில் பரவிச் சதுர மீட்டருக்கு நான்கைந்து கிலோநியூட்டன் மட்டுமே மண்ணில் அழுத்தும். தூண் வழியாகப் போனபோது 60க்கு மேல் இருந்த அதே எடை! சித்தப்பா முதலில் முகம் சுளித்தார். மாடியிலிருந்து மாலைக் காற்றும் தொடர்வண்டி போவதும் தெரியும் என்பது அவருடைய ஆசை. “முட்டிவலிக்காரி மாடிப்படி ஏறிப்போய்த்தான் கால் நனைக்கணுமா?” என்று சித்தி கேட்டபோதுதான் வழக்கு முடிந்தது. என் கணக்குத்தாளைவிட அந்தக் கேள்விக்கு வலிமை அதிகம்.

மேலேதான் வேண்டும் என்பவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. தொட்டிக்கு நேர் கீழே புதிய விட்டமும், அதற்கெனத் தனித் தூண்களும், அகன்ற பாதங்களும் அமைத்து, சுவரை நம்பாமல் எடையை நேராக மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். 3 மீட்டர்க் கட்டைக்கு நடுவில் ஒரு விட்டம் கொடுத்தாலே தொய்வு வெகுவாகக் குறையும். தூண்களுக்கு இடையே சாய்வுக் கட்டைகள் அவசியம். ஒருவர் எழுந்து மறுபக்கம் போனால் தண்ணீர் அலையும், அலையும்போது தளத்தைப் பக்கவாட்டில் தள்ளும். இணைப்புகளுக்கு ஆணி போதாது. துருப்பிடிக்காத போல்ட்டு வேண்டும்.

கார் நிறுத்துமிடக் கூரைமேல் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். 200 கேளன் தொட்டி நிரம்பினால் 909 கிலோ, 400 கேளன் 1,818 கிலோ. அக்கூரை முன்பக்கம் தூண் இல்லாமல் நீட்டிக்கொண்டிருந்தால், எடைக்கு மிகக் கெட்ட இடம் அதன் முன்விளிம்பு. அத்தகைய தளத்தில் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். விரிசலும் மேலேதான் தோன்றும். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவர் கண்ணில் அது படாது. ஏணி வைத்து ஏறி, வீட்டுச் சுவரை ஒட்டிய இடத்தில் நீளவாக்கில் கோடு ஏதும் ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால், அன்றைக்கே தொட்டியை வடித்துவிடுங்கள்.

இப்படிப்பட்ட மாற்றங்களுக்கு ஊராட்சியின் ஒப்புதல் தேவை என்பதை 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் கூறுகிறது. கோலாலம்பூரில் அது மாநகர் மன்றம். வரைபடத்தில் கையெழுத்திடுபவர் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவுபெற்றவராக இருக்க வேண்டும். என்னைப் போன்ற மாணவன் போட்ட கணக்கு ‘வேண்டாம்’ என்று சொல்வதற்குப் போதும், ‘சரி’ என்று சொல்வதற்குப் போதாது. பொறியாளர் வரும்போது தொட்டியின் காலி எடை, கொள்ளளவு, அடிப்பரப்பு மூன்றையும் எழுதி வைத்திருங்கள். போல்ட்டு எதில் இறங்கியிருக்கிறது, தூணின் பாதம் எவ்வளவு அகலம் என்பதைத் தோண்டிக் காட்டுங்கள். அவர் தளத்தின் மேலே நின்று மட்டும் பார்த்துவிட்டு ‘தாங்கும்’ என்றால், கீழே வந்து பார்க்கச் சொல்லுங்கள்.